ஒரே பானை, ஐந்து தட்டு: வயதையும் உடல்நிலையையும் பார்த்துச் சாப்பாட்டைப் பிரிக்கும் முழு வழிகாட்டி

நம் வீடுகளில் சாப்பாட்டுக் கட்டுப்பாடு பெரும்பாலும் இரண்டு விதமாக நடக்கிறது. அப்பாவுக்கு இனிப்புநீர் என்று தெரிந்த நாளிலிருந்து வீட்டில் எல்லோருக்கும் சப்பாத்திதான். வளர்கிற பிள்ளைக்கும் அதே, கர்ப்பிணி மருமகளுக்கும் அதே. இல்லையென்றால் கிளினிக்கில் கொடுத்த தாள் குளிர்பெட்டிக் கதவில் தொங்கும், சமையல் எப்போதும்போல் நடக்கும், அப்பா மட்டும் சோற்றைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு அதையே சாப்பிடுவார்.

ஆளுக்கொரு சமையல் என்பது வேலைக்குப் போகிற எந்த வீட்டிலும் ஒரு வாரம்கூடத் தாங்காது. அதற்குத் தேவையும் இல்லை. ஒரு தடவை சமைக்கலாம். உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்வதற்கு முன் எவ்வளவு எடுத்து வைப்பது, தட்டில் எதை எவ்வளவு போடுவது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

பேச்சுக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி. பாட்டிக்கு 68 வயது, பல வருடமாக இனிப்புநீர், கூடவே இரத்த அழுத்தம். மகனுக்கு 40, கொலஸ்டரால் கூடியிருக்கிறது. மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. பேத்திக்கு 13, பேரனுக்கு 3. இன்றைய சமையல்: சோறு, பருப்பு, கெம்போங் மீன் குழம்பு, கீரைப் பொரியல்.

படி 1: வீட்டுக் கணக்கு எழுதுங்கள்

ஒரு தாளில் ஆளுக்கு ஒரு வரி. பெயர், வயது, எடை, இடுப்புச் சுற்றளவு, இருக்கிற நோய், சாப்பிடுகிற மருந்து, கடைசி இரத்தப் பரிசோதனை எண்கள். இதில் பலரும் விட்டுவிடுவது மருந்து. எந்த உணவு ஆகாது என்பதைச் சில நேரம் நோயைவிட மருந்துதான் முடிவு செய்யும். அதைப் பின்னால் பார்க்கலாம்.

எடைக் கணக்கில் நமக்கு அளவுகோல் வேறு. ஆசியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23 தொட்டாலே கூடுதல் எடை, 27.5 தாண்டினால் உடல் பருமன். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் உடல்வாகு நம்மவர்களிடம் அதிகம். தராசு நல்ல பிள்ளைபோல் எண் காட்டும். அளவுநாடாதான் உண்மையைச் சொல்லும்.

எண்கள் இல்லையென்றால் முதலில் அதைத் தேடுங்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முன்னால் நிற்கிறார்கள். அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. குறைந்த வருமானப் பிரிவில் இருக்கும் 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 'பேக்கா பி40' திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. சீனி, கொலஸ்டரால், சிறுநீரகம் எல்லாம் அதிலேயே பார்த்துவிடுவார்கள்.

படி 2: பொதுவான பானையைச் சரி செய்யுங்கள்

அடிப்படைக்கு நம் சுகாதார அமைச்சின் 'சூக்கு சூக்கு செபாரோ' தட்டு போதும். கால் பங்கு சோறு அல்லது அதற்கு ஈடானது, கால் பங்கு மீன், கோழி, முட்டை, பருப்பு, தெம்பே வகை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் வழக்கமான தட்டில் முக்கால்வாசி சோறு, ஓரத்தில் இரண்டு துண்டு மீன், ஊறுகாய்க்குப் போட்டிபோடுகிற அளவில் கீரை. ஆரோக்கியமான ஆளுக்கே இது ஒத்துவராது.

அடுத்து உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டி. சமையலில் போடுவது மட்டும்தான் நம் கண்ணுக்குத் தெரிகிறது. கிச்சாப், பெலாச்சான், கருவாடு, அப்பளம், ஊறுகாய், மீன் உருண்டை, பொட்டல மீ இவற்றில் இருப்பது கணக்கில் வருவதில்லை. பொட்டலத்தைத் திருப்பி 'நாத்ரியும்' என்ற வரியைப் பாருங்கள், அதுதான் சோடியம். 100 கிராமுக்கு 120 மில்லிகிராமுக்குள் இருந்தால் குறைவு. ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மில்லிகிராம்தான். உடனடி மீ ஒரு பொட்டலம் பெரும்பாலும் அதில் பாதியைத் தின்றுவிடும்.

பழக வேண்டிய வேலை ஒன்றுதான். குழம்பு கொதித்துப் புளி வாசனை போனதும், முழு உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பதற்கு முன், தனிக் கிண்ணத்தில் இரண்டு மூன்று அகப்பை எடுத்து வைத்துவிடுங்கள். பாட்டிக்கும் மூன்று வயதுப் பையனுக்கும் அது. உப்புக் குறைந்த இடத்தைப் புளியும் மிளகும் கறிவேப்பிலையும் பெரும்பாலும் நிரப்பிவிடும். மீதிக் குழம்பை உங்கள் விருப்பப்படி முடியுங்கள், ஆனாலும் தேங்காய்ப்பாலில் கையை இறுக்குங்கள். மகனின் கொலஸ்டராலுக்குப் பாட்டியின் உப்பைவிடத் தேங்காய்ப்பாலின் நிறைகொழுப்புதான் பகை.

படி 3: வயதுக்கு ஏற்ற தட்டு

*கைக்குழந்தை.* ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதத்தில், பிறக்கும்போது சேர்த்துவைத்திருந்த இரும்புச்சத்து குறைந்துவிடும். அதனால் வெறும் கஞ்சித் தண்ணீரும் ரசச் சோறும் போதாது. மீன், கோழி, முட்டை, பருப்பு எல்லாவற்றையும் நன்றாக மசித்து ஆறு மாதத்திலிருந்தே தரலாம். ஒரு வயதுக்குள் தேன் கூடாது. பிறந்த குழந்தை நாக்கில் தேன் தொட்டு வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். தேனில் இருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்து குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சாகும். ஒரு வயது வரை உப்பும் சீனியும் சேர்க்க வேண்டாம்.

*மூன்று வயதுப் பேரன்.* எடுத்து வைத்த குழம்பு, முள் நீக்கிய மீன், மசித்த கீரை. அளவுக்கு அவன் உள்ளங்கையைப் பாருங்கள், உங்களுடையதை அல்ல. சோறு வேண்டாம் என்கிறான் என்று பாலை ஊற்றிக்கொண்டே போகாதீர்கள். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் போனால் பசி அடங்கிவிடும், இரும்புச்சத்துக் குறையும். சாக்லேட் மாவுப் பானத்தில் டின் பாலையும் ஊற்றிக் கலக்கிக் கொடுப்பதைச் சத்துக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அது இனிப்புப் பண்டம். முழுக் கடலையும் முழுத் திராட்சையும் இந்த வயதில் தொண்டையில் அடைக்கும். நசுக்கியோ நறுக்கியோ கொடுங்கள்.

*பதின்மூன்று வயதுப் பேத்தி.* வீட்டிலேயே அதிகம் கவனிக்கப்படாத தட்டு இது. வயதுக்கு வந்ததும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று சில நாள் ஆரவாரமாக ஊட்டுவோம். அப்புறம் மாதாமாதம் இரத்தம் போவதை மறந்துவிடுவோம். 2019 ஆய்வில் பிள்ளைபெறும் வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை. 2017-ஆம் ஆண்டின் மலேசிய ஊட்டச்சத்துப் பரிந்துரைப்படி 19 முதல் 50 வயதுப் பெண்ணுக்கு நாளைக்கு 20 முதல் 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆணுக்கு 9 முதல் 14 போதும். ஆனால் பெரிய மீன் துண்டு யார் தட்டில் விழுகிறது என்று பாருங்கள்.

கீரையில் இரும்பு இருக்கிறதுதான், ஆனால் உடம்பில் ஒட்டுவது குறைவு. இறைச்சியிலும் மீனிலும் இருப்பது எளிதாகச் சேரும். கீரையோடு எலுமிச்சை பிழிந்தாலோ சாப்பிட்டதும் இரண்டு துண்டு கொய்யா கொடுத்தாலோ கீரை இரும்பும் கூடுதலாகச் சேரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் நேர்மாறு. பசியாறலுக்குப் பின் ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது இலவச மருந்து.

*கர்ப்பிணி.* "ரெண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பிடும்மா" என்று மாமியார் சோற்றை அள்ளிப்போடுவது பாசம்தான், கணக்குத்தான் தப்பு. முதல் மூன்று மாதம் கூடுதல் சாப்பாடு அவ்வளவாகத் தேவையில்லை. நடு மூன்று மாதத்தில் நாளைக்கு ஏறத்தாழ 300 கலோரி, கடைசியில் 450 போலக் கூடும். நம் ஐந்து மாத மருமகளுக்கு அது ஒரு முட்டை, ஒரு கிளாஸ் பால், ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். ஃபோலிக் அமிலம் நாளைக்கு 400 மைக்ரோகிராம், அதுவும் கருத்தரிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும். குழந்தையின் முதுகுத்தண்டு நரம்புக்குழாய் கருவான 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனதைக் கவனிப்பதற்குள் வேலை பாதி முடிந்திருக்கும்.

கோப்பிக்கடையில் கிடைக்கும் அரைவேக்காட்டு முட்டை பிள்ளை பிறக்கும் வரை வேண்டாம், கிருமிப் பயம் உண்டு. பாட்டி வயதுக்காரர்களும் தவிர்ப்பது நல்லது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் அதுவும் வேண்டாம். நன்கு பழுத்த பப்பாளியையும் ஓரிரு துண்டு அன்னாசியையும் பார்த்து நடுங்கத் தேவையில்லை. பால் வடியும் பப்பாளிக்காயைத்தான் ஒதுக்க வேண்டும். கிளினிக்கில் சீனித் தண்ணீர் கொடுத்துச் செய்யும் பரிசோதனையைத் தட்டிக் கழிக்காதீர்கள். கர்ப்பகால நீரிழிவு நம் பெண்களுக்கு எளிதில் வருகிறது.

*பாலூட்டும் தாய்.* உண்மையில் அதிகம் சாப்பிட வேண்டிய காலம் இதுதான், நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக. நம் பத்தியத்திலோ இந்த நேரத்தில்தான் காய், பழம், தண்ணீர் எல்லாவற்றையும் குறைப்பார்கள். பூண்டு, மிளகு, நல்லெண்ணெய் எல்லாம் இருக்கட்டும், யாருக்கும் கெடுதலில்லை. தண்ணீரைக் குறைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இன்னொன்று, பால் சுறா. சுறா, மற்ற மீன்களைத் தின்று பல வருடம் வாழும் மீன் என்பதால் அதன் சதையில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிக்கும் பாலூட்டுகிறவருக்கும் அது ஆகாது. அதே பூண்டு, மிளகு, சின்ன வெங்காயத்தோடு கெம்போங்கை வேகவைத்து உதிர்த்துப் புட்டு செய்தால் ருசி அதிகம் மாறாது. பாட்டிகளிடம் 'சுறா கூடாது' என்று சண்டை போடுவதைவிட 'இன்றைக்குச் சந்தையில் கிடைக்கவில்லை' என்று சொல்வது வேகமாக வேலை செய்யும்.

*நாற்பது வயது மகன்.* இவருக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. சோற்றைக் குறைக்கணும், தேத்தண்ணியில் சீனியைக் குறைக்கணும், இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் உட்காருவதை நிறுத்தணும். அவருக்கே தெரியும்.

*பாட்டி.* இங்கே நாம் செய்வது பெரும்பாலும் தலைகீழ். வயதானால் 'லேசாச் சாப்பிடணும்' என்று கஞ்சியும் ரசமும் ரொட்டித் துண்டும். வயதாக ஆகத் தேவைப்படும் கலோரி குறைகிறது உண்மை, ஆனால் புரதத் தேவை கூடுகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும். 60 கிலோ பாட்டிக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். தெம்பே 100 கிராமில் ஏறத்தாழ 19. காலையில் ரொட்டி, மதியம் ரசச் சோறு, இரவு கஞ்சி என்றால் பாதிகூடத் தேறாது. தசை கரையும், கால் தளரும், குளியலறையில் விழுவார்கள். புரதத்தை ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரியுங்கள். பல் இல்லையென்றால் தாவு, அவித்த முட்டை, உதிர்த்த மீன், கெட்டித் தயிர். 50 வயது தாண்டிய பெண்களுக்குக் கால்சியமும் நாளைக்கு 1,200 மில்லிகிராம் வேண்டும். தாகம் தெரியாத வயது என்பதால் தண்ணீரைக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். காரணமில்லாமல் எடை இறங்கினால், 60 கிலோவில் ஆறு மாதத்துக்குள் 3 கிலோ போனால், மகிழ்ச்சிப்படாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

படி 4: நோய்க்கு ஏற்ற திருத்தம்

*இனிப்புநீர்.* முதலில் அந்தச் சப்பாத்திக் கதையை முடித்துவிடலாம். மாவுச்சத்தை 15 கிராம் பங்குகளாக எண்ணுவது உணவு ஆலோசகர்களின் வழக்கம். வெந்த சோறு அரைக் கப் ஒரு பங்கு. ஓர் இட்லி ஒரு பங்கு. அரைத் தோசை ஒரு பங்கு. 20 சென்டிமீட்டர் அகலச் சப்பாத்தியிலோ மூன்றில் ஒரு துண்டுதான் ஒரு பங்கு. அதாவது கடையில் போடுகிற மாதிரி ஒரு முழுச் சப்பாத்தி ஏறத்தாழ ஒன்றரைக் கப் சோற்றுக்குச் சமம். 'நான் சோறே தொடுவதில்லை, ராத்திரிக்கு மூணே சப்பாத்தி' என்கிறவர் நாலரைக் கப் சோற்றுக்கு ஈடாகச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறார். முழு மாவில் நார்ச்சத்து கொஞ்சம் உண்டு, அதற்காகக் கணக்கு மாறாது.

ஆகவே சோறா சப்பாத்தியா என்பது பாட்டியின் விருப்பம். எத்தனை பங்கு என்பதைக் கிளினிக்கில் கேட்டு முடிவு செய்யுங்கள். அந்தப் பங்கை மூன்று வேளைக்கும் ஒரே சீராகப் பிரிப்பதுதான் சீனியை ஆட்டம் போடாமல் வைக்கும். தட்டில் முதலில் கீரை, மீன், பருப்பு, கடைசியில் சோறு. அதே உணவை இந்த வரிசையில் சாப்பிட்டாலே சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சீனி குறையும். குழைய வேகவைத்த கஞ்சி உதிரிச் சோற்றைவிட வேகமாக ஏற்றும் என்பதையும் பாட்டிக்குச் சொல்லிவையுங்கள்.

சீனி 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால், வேர்த்து நடுங்கினால், அப்போது மட்டும் சீனிதான் மருந்து. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, 999-ஐ அழையுங்கள்.

*இரத்த அழுத்தம்.* உப்பைப் பற்றி மேலே சொன்னது போதும். காய், பழத்தில் இருக்கும் பொட்டாசியம் அழுத்தத்தைக் குறைக்க உதவும், சிறுநீரகம் நன்றாக இருக்கும் வரை. சந்தையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களும் பெரிண்டோப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.

*கொலஸ்டரால்.* தேங்காய்ப்பால், நெய், கோழித்தோல், கொழுப்பு ஒட்டிய ஆட்டிறைச்சி, இவற்றைக் குறைத்தால் பலன் தெரியும். முட்டையைக் கண்டு பயந்தவர்கள் அதைவிட்டு ரொட்டி சானாய்க்குப் போனால் என்ன லாபம்?

*யூரிக் அமிலம்.* பருப்பைத்தான் எல்லோரும் முதலில் நிறுத்துகிறார்கள். பாவம் பருப்பு. ஈரல், நண்டு வகை, பீர், இனிப்புப் பானம், இவைதான் உண்மையான குற்றவாளிகள்.

*சிறுநீரகம்.* இதில்தான் நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் ஆரோக்கியம் என்று இதுவரை சொன்னதில் பாதி இங்கே திரும்பிவிடும். சிறுநீரகம் தளர்ந்து, ஆனால் டயாலிசிஸ் தொடங்காத நிலையில் புரதத்தைப் பொதுவாகக் குறைப்பார்கள். டயாலிசிஸ் தொடங்கியதும் கூட்டச் சொல்வார்கள், கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், ஏனென்றால் சுத்திகரிப்பில் புரதமும் போகிறது. முந்தின தாளையே வைத்துக்கொண்டு, டயாலிசிஸ் செய்துகொண்டே மீனை ஒதுக்கி மெலிகிறவர்கள் இருக்கிறார்கள்.

பொட்டாசியம் கூடியிருந்தால் இளநீர், வாழைப்பழம், தூரியான், தக்காளி அதிகமான ரசம் எல்லாவற்றிலும் கவனம் வேண்டும். காயையும் கீரையையும் நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் ஒரு பகுதி வெளியேறும். பாஸ்பரசுக்கு, கோலா பானங்களையும் நக்கெட், சாசேஜ் வகைகளையும் விடுங்கள். பெலிம்பிங் என்கிற நட்சத்திரப்பழத்தை மட்டும் 'கொஞ்சமா' என்றுகூடக் கேட்க வேண்டாம். அதில் இருக்கும் நஞ்சைச் சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல்போனால் மூளையைத் தாக்கும்: விடாத விக்கல், குழப்பம், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. நல்ல சிறுநீரகத்துக்கு அது வெறும் பழம். விருந்துக்கு வெட்டிவைக்கும்போது யார் வருகிறார்கள் என்று பாருங்கள்.

படி 5: இரண்டு நோய் மோதினால் எதற்கு முதலிடம்

பாட்டியின் இனிப்புநீர் நாளைக்குச் சிறுநீரகத்தைத் தொட்டால் தவிட்டு அரிசி, கடலை, ஓட்ஸ் என்று இதுவரை நல்லதாக இருந்தவை பாஸ்பரசாலும் பொட்டாசியத்தாலும் கேள்விக்குள்ளாகும். அப்போது இரத்தப் பரிசோதனை எண் சொல்வதைக் கேளுங்கள், பொதுவான அறிவுரையை அல்ல. என் வரிசை இது: உடனே உயிருக்கு ஆபத்தானது முதலில், அதாவது ஏறிய பொட்டாசியமும் இறங்கிய சீனியும். அடுத்து, எடையும் தசையும் கரையாமல் இருப்பது. நீண்ட நாள் கணக்கான கொலஸ்டரால் அதற்கும் பின்னால். எண்பது வயதுக்காரர் ஒழுங்காகச் சாப்பிடாமல் மெலிந்துகொண்டிருக்கும்போது அவர் தட்டில் முட்டை மஞ்சளைக் கிள்ளி எறிவதில் அர்த்தமில்லை.

கர்ப்பத்தில் இனிப்புநீர் வந்தவர் பயந்துபோய்ச் சோற்றையே விட்டுவிடுவதும் இதே வகைத் தவறு. குழந்தைக்கு மாவுச்சத்து வேண்டும். ஒரே வேளையாகக் குவிக்காமல் மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுணவு என்று பிரிப்பதுதான் வழி.

படி 6: மாத்திரை வரியைத் தட்டோடு சேர்த்துப் பாருங்கள்

இனிப்புநீருக்கான மெட்ஃபோர்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிட்டால் பி12 குறையலாம். சைவக்காரர் என்றால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் பி12 செடிகளில் கிடைப்பதில்லை. கால் மரத்துப்போவதை எல்லாம் இனிப்புநீர்க் கணக்கில் எழுதாமல் பி12 பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை வெறும் வயிற்றில், தண்ணீரோடு. கால்சியமும் இரும்பு மாத்திரையும் அதற்கு நாலு மணி நேரம் தள்ளி. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் கீரையை நிறுத்தவும் கூடாது, திடீரென்று கூட்டவும் கூடாது. வாரா வாரம் ஏறத்தாழ ஒரே அளவு. பம்ப்ளிமாஸ் சில கொலஸ்டரால், இரத்த அழுத்த மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டக்கூடியது. சீனப் பெருநாள் நேரத்தில் வீட்டுக்குப் பழம் வந்தால் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சீனியைக் குறைக்கும் என்று பாகற்காய்ச் சாறு, நாட்டு மருந்துப் பொடி ஆரம்பிப்பவர்கள், ஏற்கெனவே கிளிக்லசைட் என்ற இனிப்புநீர் மாத்திரை சாப்பிட்டால் சீனி மடமடவென்று இறங்கலாம். பொடி, மாத்திரை வாங்கும்போது டப்பாவில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இல்லாததைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

படி 7: விரதமும் பெருநாளும்

தைப்பூசத்துக்கு ஒருவேளைச் சாப்பாடு, அப்புறம் பத்துமலைக்கோ பினாங்கு தண்ணீர்மலைக்கோ நடை. இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவருக்கு இது ஆபத்தான கூட்டு. விரதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சில வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்துவதும் சாப்பிடாமல் மாத்திரை போடுவதும்தான் ஆளை விழவைக்கிறது. தண்ணீர்ப் பந்தலில் இனிப்புநீர்க்காரர் மோரையோ வெறும் தண்ணீரையோ கேட்கலாம். சிவப்புச் சர்பத் சீனி இறங்கியவருக்கு மட்டும்.

புரட்டாசியில் மீன் நின்றதும் பலர் தட்டில் புரதமும் நின்றுவிடுகிறது. உருளைக்கிழங்கு, அப்பளம், வடை என்று மாதம் ஓடும். பருப்போடு தெம்பே, தாவு, கொண்டைக்கடலை, தயிர் சேருங்கள். சீனர் கடையில் கிடைக்கும் சைவ இறைச்சியில் உப்பு அதிகம் என்பதால் பாட்டிக்கு அது அவ்வளவு சைவம் இல்லை. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஆறு வீடு போகிறீர்கள் என்றால், எந்த வீட்டில் சோறு, எந்த வீட்டில் பலகாரம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லா வீட்டிலும் பானத்துக்குத் தண்ணீர் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 8: வெளியே சாப்பிடும்போது

இனிப்பில் பெரும்பகுதி குடிப்பதில் வருகிறது. ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் ஏறத்தாழ 10 கிராம் சீனி. கடையில் ஊற்றுவது ஒன்றோடு நிற்காது. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். "அண்ணே, தே ஓ கொசோங் ஒண்ணு" (பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி) என்பது கடையில் கேட்கக்கூடிய மிகச் சிறந்த வாக்கியம். அது முடியாதவர்கள் 'கூராங் மானிஸ்', அதாவது இனிப்புக் குறைவாக, என்று தொடங்கலாம், ஆனால் அந்தக் 'கூராங்' கடைக்குக் கடை மாறும்.

பினாங்கில் நாசி கண்டார் என்றால் 'பஞ்சிர்' கேட்காதீர்கள். எல்லாக் குழம்பையும் கலந்து சோற்றை மூழ்கடிப்பதில் உப்பும் எண்ணெயும்தான் வெள்ளமாகிறது. குழம்பைத் தனியாகக் கேளுங்கள், சோற்றைப் பாதியாக்குங்கள், வெண்டைக்காயையும் அவித்த முட்டையையும் இரட்டிப்பாக்குங்கள். நாசி லெமாக் பொட்டலத்தில் சோறே தேங்காய்ப்பாலில் வெந்தது என்பதால் சம்பலைக் குறைத்தால் மட்டும் போதாது. சின்னப் பொட்டலம் ஒன்று, கூட ஒரு முட்டை, அவ்வளவோடு நிறுத்தணும். பசியாறலுக்கு இட்லியும் தோசையும் ரொட்டி சானாயைவிட மேல், சட்னியை விட்டு சாம்பாரைக் கூட்டினால் இன்னும் நல்லது.

படி 9: தாளைத் திருப்பி எழுதும் நாட்கள்

கர்ப்பிணியின் வரி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறும், பிள்ளை பிறந்ததும் முழுக்க மாறும். இனிப்புநீர்க்காரருக்கு மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) வந்த நாளில். பிள்ளைகளுக்குப் பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் உயரமும் எடையும். பாட்டிக்கு மாதம் ஒருமுறை எடை. யாருக்காவது புது மாத்திரை எழுதினால் அன்றைக்கே.

சிறுநீரகம், கர்ப்பகால நீரிழிவு, புற்றுநோய்ச் சிகிச்சை, காரணமில்லாமல் இறங்கும் எடை, இந்த நான்கில் எது இருந்தாலும் இந்த வழிகாட்டியோடு நிற்காதீர்கள். கிளினிக் மருத்துவரிடம் 'பெகாவாய் டயட்டெட்டிக்', அதாவது உணவு ஆலோசகரைப் பார்க்கணும் என்று கேளுங்கள். அங்கே இல்லையென்றால் மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். போகும்போது வீட்டுக் கணக்குத் தாள், மூன்று நாள் சாப்பிட்டதும் குடித்ததும் எழுதிய பட்டியல் (அதில் ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும், அன்றைக்குத்தான் எல்லாம் நடக்கிறது), வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளும், வழக்கமாகச் சோறு போடும் தட்டின் படம் ஒன்று. சமைக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். 'உப்பைக் குறைங்க' என்று சாப்பிடுகிறவரிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் அடுப்புப் பக்கம் போய்ச் சேர்வதில்லை.